பல தாய்ப்பண்டி ஒரே கூட்டில: குட்டி பால் குடிக்கிறதைப் பத்தி அடிக்கடி வாற கேள்விகள்

ஜா-எல, நீர்கொழும்பு தாண்டி வென்னப்புவ, சிலாபம் வரைக்கும் பண்டி வளக்கிற ஆக்கள் கனபேர் இருக்கிறாங்க, கொழும்பில வேலை செஞ்சுகொண்டு அங்க காசு போட்டு வளக்கிற ஆக்களும் இருக்கிறாங்க. நான் இருக்கிறது கொட்டாஞ்சேனையில, பண்டி இருக்கிறது மாமாட்ட, ஜா-எலப் பக்கம். தாய்ப்பண்டியளை ஒண்டொண்டா அடைக்காம மூண்டு நாலு தாயை குட்டியளோட ஒரே பெரிய கூட்டில விட்டா எப்பிடி எண்டு கேட்டு வாற கோல் இப்ப கூடிப்போச்சு, தமிழில இதைப் பத்தித் தேடினா பெருசா ஒண்டும் இல்ல, அதால திரும்பத் திரும்ப வாற கேள்வியளை ஒரே இடத்தில போட்டு வைக்கிறன். பண்டியெண்டாலே முகம் சுளிக்கிற ஆக்கள் இப்பவே அங்கால போகலாம், கோவமில்ல.

குட்டி ஒரு நாளைக்கு எத்தனை தரம் பால் குடிக்கும்?

கிட்டத்தட்ட 40 நிமிசத்தில இருந்து ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. அப்ப ஒரு நாளைக்கு 20க்கு மேல, சில தாய் 30க்கு மேலயும் போகும். ராவு பகல் எண்டு இல்ல, ராத்திரியும் இதே கணக்குத்தான். குட்டி வளர வளர இடைவெளி கூடும்.

எப்ப பாத்தாலும் குட்டியள் மடியிலதான் கிடக்கு, ஆனா வயிறு ஒட்டிக் கிடக்கே, ஏன்?

இந்தக் கேள்விதான் ஆகக் கூட வாறது, இது விளங்கினா மிச்சக் கேள்வியள்ல பாதிக்கு நீங்களே பதில் சொல்லுவீங்க.

மாட்டை மனசில வச்சுக்கொண்டு பண்டியப் பாக்காதீங்க. மாட்டு மடியில பால் சேந்து நிக்க இடம் இருக்கு, எப்ப கறந்தாலும் கொஞ்சம் வரும். பண்டி மடியில அப்பிடி சேந்து நிக்கிற இடம் எண்டு சொல்ற அளவுக்கு ஒண்டும் இல்ல. தாயின்ர மூளையில இருந்து ஒக்சிடோசின் எண்ட ஹோர்மோன் இரத்தத்தில இறங்கி மடியைப் பிழிஞ்சாத்தான் பால் காம்புக்கு வரும், அதுவும் வந்தா 10 செக்கனில இருந்து 20 செக்கன் வரைக்கும்தான், அவ்வளவுதான், முடிஞ்சுது. அந்த 20 செக்கனில வாயில காம்பு இல்லாத குட்டிக்கு அடுத்த ரவுண்ட் வரைக்கும் ஒண்டும் இல்ல, எவ்வளவுதான் உறிஞ்சினாலும் வராது.

முழு விசயமும் ஒரு ஒழுங்கில நடக்கும். முதல்ல தாய் ஒரு பக்கமாச் சரிஞ்சு படுத்து, மெதுவா விட்டு விட்டு உறுமும். அந்த உறுமலுக்குக் குட்டியள் ஓடி வரும். வந்து ஆளாளுக்குத் தன்ர காம்பைப் பிடிச்சுக்கொண்டு மூக்கால மடியை இடிச்சு உருட்டும், ஒரு நிமிசம் அளவில இது நடக்கும். அதுக்குப் பிறகு தாயின்ர உறுமல் திடீரெண்டு வேகமாகும், அதுதான் ஹோர்மோன் இறங்கிட்டுது எண்டதுக்கு அடையாளம், அதில இருந்து ஒரு 20, 25 செக்கன் கழிச்சு பால் வரும். பால் வாற நேரம் குட்டியள் இடிக்கிறதை நிப்பாட்டிட்டு அப்பிடியே அசையாமக் கிடந்து வேகமா உறிஞ்சும், காது கூடப் பின்னால போயிருக்கும் சிலதுக்கு. முடிஞ்ச உடன திரும்ப மடியை இடிக்கத் தொடங்கும், அது சில நிமிசத்துக்கு நீளும். நீங்க கூட்டுக்குப் போற நேரம் பெரும்பாலும் பாக்கிறது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். அதைப் பாத்திட்டு "நல்லாக் குடிக்குதுகள்" எண்டு சந்தோசமா வந்திடுறம், ஆனா அந்த நேரம் மடியில பால் இல்ல.

இன்னொண்டு, எல்லா ரவுண்டிலயும் பால் வராது. மடி இடிச்சு, உறுமி, எல்லாம் நடந்து கடைசியில பால் இறங்காமலே முடியிறதும் சாதாரணம். தனிக்கூட்டிலயே இது நடக்கும், பல தாய் இருக்கிற கூட்டில கூடுதலா நடக்கும், ஏன் எண்டு கீழ வரும்.

ஒவ்வொரு குட்டியும் ஒரே காம்பிலதான் குடிக்குமாமே, உண்மையா?

ஓம், உண்மை. பிறந்து முதல் சில நாளுக்குள்ள சண்டை பிடிச்சு ஆளுக்கொரு காம்பைப் பிடிச்சிடும், ஒரு கிழமைக்குள்ள அது உறுதியாயிடும், பிறகு பால் மறக்கிற வரைக்கும் பெரும்பாலும் அதேதான். முன்பக்கக் காம்புக்குத்தான் போட்டி கூட, அதில பாலும் பொதுவாக் கூட, தாயின்ர பின்கால் உதையும் அங்க வராது. பிறக்கக்குள்ளயே குட்டிக்கு ஊசி மாதிரி 8 பல் இருக்கும், அது இந்தச் சண்டைக்குத்தான். கன்னத்தில கீறல் இருந்தா பயப்பட வேண்டாம், ஆனா தாயின்ர காம்பில காயம் இருந்தா பாக்க வேணும், நொந்தா தாய் பால் குடுக்காம எழும்பிடும்.

இதில முக்கியமான விசயம், யாரும் குடிக்காத காம்பு ரெண்டு மூண்டு நாளில வத்திடும், அந்தமுறைக்கு அவ்வளவுதான், பிறகு குட்டியைக் கொண்டுபோய் விட்டாலும் பிரயோசனமில்ல. தாய்க்கு 14 காம்பு இருக்கு எண்டு கணக்குப் போடாம எத்தனை காம்பு வேலை செய்யுது எண்டு கணக்குப் போடுங்க.

பல தாயை ஒண்டா வைக்கிறது இயற்கையா, இல்ல வெளிநாட்டுக்காரன் கொண்டுவந்த ஸ்டைலா?

ரெண்டும். பண்டி கூட்டமா வாழுற மிருகம், காட்டுப்பண்டியும் அப்பிடித்தான், சொந்தக்காரத் தாய்ப்பண்டியள் ரெண்டு மூண்டு, நாலு எண்டு குட்டியளோட சேந்து திரியும். ஆனா ஒரு விசயத்தை எல்லாரும் விட்டிடுறாங்க. குட்டி போடுற நேரம் மட்டும் தாய் தனியாப் போயிடும். போட ஒரு நாள் ரெண்டு நாளைக்கு முன்னமே கூட்டத்தை விட்டு விலகி, கிளை, புல்லு எல்லாம் சேத்து கூடு கட்டி, அதுக்குள்ள போட்டு, ஒரு கிழமையோ ரெண்டு கிழமையோ கழிச்சுத்தான் குட்டியளைக் கூட்டிக்கொண்டு திரும்பக் கூட்டத்துக்கு வரும். ஸ்கொட்லாந்தில எடின்பரோப் பக்கம் ஸ்டொல்பா, வுட்-குஷ் எண்டு ரெண்டு விஞ்ஞானியள் சாதாரணப் பண்ணைப் பண்டியளையே ஒரு பெரிய வெளியில விட்டுப் பாத்தவங்க, 1989ல அது ஆராய்ச்சிக் கட்டுரையா வந்தது. பரம்பரை பரம்பரையாக் கொங்கிரீட்டில வளந்த இனம்தான், ஆனா விட்ட உடன இதேமாதிரி தள்ளிப் போய்க் கூடு கட்டிக் குட்டி போட்டதுகள்.

அந்த ஒழுங்கைப் பாத்துத்தான் சுவீடன்காரன் பல தாய்க்கூட்டு முறையைச் செஞ்சான், தனித்தனியா குட்டி போட வச்சு, பிறகு சேக்கிறது. நம்ம ஆக்கள் சில பேர் "குரூப் ஹவுசிங்" எண்டு கேள்விப்பட்டிட்டு சினையாயிருக்கிற தாயையெல்லாம் ஒரே கூட்டில விட்டு, அங்கயே குட்டியும் போட விட்டிடுறாங்க. அது இயற்கையும் இல்ல, சுவீடனும் இல்ல, சும்மா குழப்பம்.

ஐரோப்பாவில சட்டமே இருக்கு எண்டு சொல்லி வாதாடுற ஆக்களுக்கும் ஒண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில 2013 ஜனவரி 1ல இருந்து முழுசா நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் சினைப்பண்டிக்கு. இனம் சேத்து 4 கிழமையில இருந்து குட்டி போட ஒரு கிழமை இருக்கிற வரைக்கும் கூட்டமா வைக்க வேணும் எண்டதுதான் அது. பால் குடுக்கிற தாய் அதுக்குள்ள வராது. சுவீடன், நோர்வே, சுவிட்சர்லாந்து மூண்டிலயும் குட்டி போடுற தாயை இரும்புக் கிரேட்டுக்குள்ள (ஒடுக்கமான கம்பிக்கூடு) அடைக்கிறதைத் தடை செஞ்சிருக்காங்க, அது வேற விசயம்.

சரி, அப்ப எத்தனையாம் நாள் சேக்கலாம்?

10 நாளில இருந்து 14 நாளுக்குள்ள. ஒரு கிழமைக்கு முன்னம் வேண்டவே வேண்டாம்.

ஏனெண்டா அந்த முதல் கிழமையிலதான் குட்டிக்குக் காம்பு உறுதியாகிறது, தாயின்ர குரலையும் மணத்தையும் குட்டி பழகிறது, தாய் குட்டியப் பழகிறது. இது முடிய முன்னம் சேத்தா எந்தக் குட்டி எந்தத் தாய்ட்ட எண்டு ஒரு ஒழுங்கும் இருக்காது. அதோட குட்டி சாகிறது பெரும்பாலும் முதல் மூண்டு நாளுக்குள்ளதான், பாதிக்கு மேல தாய் நசிச்சுச் சாகிறதும் பட்டினியும், அந்த நேரம் தாயும் குட்டியும் அமைதியா தனியா இருக்க வேணும்.

பிந்தவும் கூடாது. ரெண்டு கிழமைக்குள்ள சந்திக்கிற குட்டியள் பெருசாச் சண்டை பிடிக்காது, மோந்து பாத்திட்டு விளையாடத் தொடங்கிடும். அப்பிடிச் சேந்து வளந்ததுகள் பால் மறந்த பிறகு ஒரே கூட்டில போடக்குள்ளயும் அடிபடாது, உண்மையில இந்த முறையில ஆகப் பெரிய லாபம் எனக்கு இதுதான் எண்டு படுது.

நாளை விட முக்கியம் வயசு வித்தியாசம். எல்லாக் குட்டியும் ஒரு கிழமைக்குள்ள பிறந்ததா இருக்க வேணும், அதை விடக் குறைவா இருந்தா இன்னும் நல்லம். 3 கிழமைக் குட்டியையும் 10 நாள் குட்டியையும் சேத்தா பெரிசு வந்து சின்னதின்ர தாயைக் காலி பண்ணிடும். பண்டிக்கு சினைக்காலம் 114, 115 நாள் எண்டபடியா இதை நீங்க குட்டி போட்ட பிறகு யோசிச்சுச் சரிவராது, இனம் சேக்கிற நேரமே தாயளை ஒண்டா ஹீட்டுக்கு (இனம் சேருற பருவத்துக்கு) கொண்டுவந்து ஒரே கிழமையில சேக்க வேணும். மூண்டு தாய்தான் இருக்கு, மூண்டும் மூண்டு மாசத்தில போடுது எண்டா, தயவுசெஞ்சு இந்த முறையை விட்டிடுங்க, உங்களுக்கு இது இல்ல.

தாயளும் ஒண்டையொண்டு தெரிஞ்சதா இருக்க வேணும். சினையா இருக்கக்குள்ள ஒரே கூட்டில இருந்ததுகளை திரும்பச் சேருங்க. புதுசா வாங்கின தாயை குட்டியோட கொண்டுவந்து உள்ள விட்டா தாய் தாயோட அடிபடும், நடுவில குட்டி மிதிபடும். சேக்கிற அண்டைக்கு எல்லாரையும் ஒரே நாளில, இடம் தாராளமா இருக்கிற கூட்டில விடுங்க, ஒரு நாள் பால் குடி குழம்பும், பிறகு சரிவரும்.

அண்ணே, சேத்த பிறகு குட்டியள் மத்தத் தாய்ட்டயும் குடிக்குதுகள். நல்லம்தானே, பால் வீணாகாது?

அப்பிடித்தான் எல்லாரும் நினைக்கிறது. பாலை எல்லாரும் பங்கு போட்டுக் குடிக்கிறாங்க, ஒற்றுமை எண்டு. ஆனா மேல சொன்ன அந்த 20 செக்கன் கணக்கை வச்சுப் பாருங்க.

வெளிக்குட்டி ஒண்டு வருது. அந்த மடியில காம்பெல்லாத்துக்கும் ஏற்கனவே சொந்தக்காரன் இருக்கான். சண்டை. சண்டை நடக்கக்குள்ள மடி இடிக்கிற வேலை குழம்பும், கத்தல் கூடும், தாய்க்கு எரிச்சல் வந்து எழும்பிடும், இல்லாட்டி குப்புறப் படுத்திடும். பால் இறங்காமலே ரவுண்ட் முடியும். இப்ப வெளிக்குட்டிக்கும் இல்ல, வீட்டுக்குட்டி பத்துக்கும் இல்ல. இதுக்குள்ள அந்த வெளிக்குட்டியின்ர சொந்தத் தாய்ட்ட அதின்ர காம்பு சும்மா கிடந்து வத்திப் போயிருக்கும், பிறகு அதுக்குத் திரும்பிப் போக இடமும் இல்ல. அதால திருட்டுக்குடி குடிக்கிற குட்டி கொழுத்துக் கிடக்கும் எண்டு நினைக்காதீங்க, கனக்கத் தரம் அதுதான் ஆக மெலிஞ்சு கிடக்கும்.

குட்டி ஏன் வெளிய போகுது எண்டதுதான் பாக்க வேண்டியது. பெரும்பாலும் அதுக்குச் சொந்த வீட்டில நல்ல காம்பு இல்ல. தாய்க்குப் பால் குறைவு, குட்டி கூட, கடைசிக் காம்பு, மடியில வருத்தம், இப்பிடி ஏதாவது இருக்கும். ரெண்டு விதமாப் போகும், எப்பவாவது வாய்ப்புக் கிடைச்சா ஒரு வாய் குடிச்சிட்டு வாறது ஒண்டு, ஒரேயடியா வேற தாய்ட்ட குடியேறிடுறது மற்றது. ரெண்டாவது வகை அங்க ஒரு காம்பைப் பிடிச்சிட்டுது எண்டா விட்டிடுங்க, இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில விட்டா இன்னும் குழப்பம். முதல் வகை கூட இருந்தா எங்கயோ சேக்கிறதில பிழை நடந்திருக்கு, ஒண்டில வயசு வித்தியாசம், ஒண்டில கெதியாச் சேத்தது, ஒண்டில தாய் எண்ணிக்கை கூட. நாலு தாய்க்கு மேல சின்னப் பண்ணையில போகாதீங்க எண்டுதான் நான் சொல்லுவன்.

எல்லாத் தாயும் ஒரே நேரத்தில படுத்துப் பால் குடுக்குதே, பேசி வச்ச மாதிரி?

அழகான விசயம் அது. ஒரு தாய் உறுமத் தொடங்கினா பக்கத்துத் தாயின்ர குட்டியளும் அதைக் கேட்டு எழும்பி தங்கட தாயை நச்சரிக்கும், அந்தத் தாயும் படுத்திடும், சில நிமிசத்துக்குள்ள கூடு முழுக்க ஒரே சத்தம். உறுமல் சத்தத்தை ரெக்கோட் பண்ணிப் போட்டுக் காட்டினாலே மத்தத் தாய் பால் குடுக்கத் தொடங்கும் எண்டு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க.

இதால லாபம் என்னெண்டா எல்லா மடியிலயும் ஒரே 20 செக்கனில பால் வந்தா, எல்லாக் குட்டியும் தன்ர தன்ர காம்பிலதான் நிக்கும், பக்கத்து வீட்டுக்குப் போக நேரமில்ல. ஒரு கூட்டு நல்லாப் போகுதா எண்டு பாக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச சுகமான வழி இதுதான், தாயள் சேந்து குடுக்குதா, இல்ல ஒண்டு மாறி ஒண்டா இழுபடுதா. இழுபட்டா திருட்டுக்குடி கூடும்.

கொட்டிலுக்க ரேடியோ போட்டா மிருகங்கள் சந்தோசமா இருக்குமாமே?

மெதுவாப் போட்டா பரவாயில்ல. ஆனா தாய் உறுமிறதைக் கேட்டுத்தான் குட்டி எப்ப பால் வரும் எண்டு பிடிக்குது, அந்தச் சத்தத்தை மூடுற எதுவும் கூடாது. சுவீடன்ல 1985ல வந்த ஆராய்ச்சி ஒண்டு, பெரிய ஃபேன் சத்தம் விடாமப் போற இடத்தில குட்டி மடி இடிக்கிறது குழம்பி பால் கிடைக்கிறது குறைஞ்சதைக் காட்டியிருக்கு. நம்ம பக்கம் ரேடியோவை விடப் பிரச்சினை ஜெனரேட்டரும் தீவனம் அரைக்கிற மெசினும்தான், கொட்டில் சுவரோட ஒட்டி வைக்கிறாங்க. தள்ளி வைங்க. சாப்பாடு போடுற நேரம் ஒரு தாய்க்கு முதல்ல போட்டு மத்ததைக் காத்திருக்க வைச்சாலும் கத்தல் தாங்காது, ஒரே நேரத்தில போடுங்க.

தாய் தன்ர குட்டியை அடையாளம் பிடிக்குமா?

பிடிக்கும், மணத்தில, முதல் நாள் ரெண்டு நாளுக்குள்ளயே. குட்டியும் தாயின்ர குரலைப் பிரிச்சறியும். ஆனா தெரிஞ்சும் அடுத்தவள்ட குட்டியைப் பெருசாத் துரத்தாது பண்டி, சில தாய் மட்டும் கடிக்க வரும். காட்டில கூட இருக்கிறது அக்கா தங்கச்சி, மகள் எண்டபடியா அப்பிடிப் பழக்கம் வந்திருக்கலாம். அந்தப் பெருந்தன்மைதான் கூட்டில எங்களுக்குத் தலையிடி.

தாய் குப்புறப் படுத்துக்கொண்டு மடியை மறைக்குது. என்ன செய்யிறது?

முதல்ல கேள்வி: குட்டிக்கு எத்தனை நாள்?

முதல் மூண்டு நாலு நாளுக்குள்ள எண்டா உடன தொட்டுப் பாருங்க. மடி கல்லு மாதிரி, சூடா, சிவந்து, தாய் சாப்பிடாம, காய்ச்சல் 39.5 பாகை செல்சியசுக்கு மேல போனா அது மடி வீக்கம், காத்திருக்காதீங்க, உங்கட பகுதி அரச மிருக வைத்தியருக்குச் சொல்லுங்க. ஒரு நாள் பிந்தினாலும் குட்டி பட்டினியில போயிடும், குட்டிக்கு உடம்பில சேமிப்பே இல்ல. பக்கத்து வீட்டு ஊசி, மிச்சம் கிடந்த மருந்து எல்லாம் வேண்டாம்.

மூண்டு நாலு கிழமை எண்டா அது வருத்தமில்ல, அவளுக்குப் போதும் எண்டாச்சு. முதல் கிழமையில தாய்தான் கூப்பிட்டுக் குடுக்கிறது, குட்டி மடியிலயே நித்திரையாகும். பிறகு பிறகு குட்டிதான் போய்க் கேக்கும், தாய் இடையில எழும்பிப் போகும், நிண்டுகொண்டே குடுக்கும், குப்புறப் படுக்கும். சும்மா விட்டா பண்டி 12 தொடக்கம் 17 கிழமைக்குள்ள தானாவே பால் மறக்கப்பண்ணும், அதுக்கான வேலை இப்பிடித்தான் தொடங்குது. அதுக்கு ஒரு வசதியா, தாய் மட்டும் தாண்டிப் போகக்கூடிய குட்டை மதில் ஒண்டு வச்சு அங்கால தாய்க்கு இடம் குடுக்கிற முறையும் இருக்கு. நல்லதுதான், தாய்க்கு நிம்மதி, தோள் புண் மடிக்காயம் குறையும். ஆனா முதல் ரெண்டு கிழமையில இதைத் திறந்து விட்டா தாய் அங்கயே தங்கிடும், பால் ரவுண்ட் குறையும், குட்டி வளத்தி குறையும். குட்டி தீவனம் தின்னத் தொடங்கின பிறகு திறக்கலாம்.

சீம்பால் குடுக்காட்டி என்ன?

செத்துடும், இல்லாட்டி வருத்தக்காரக் குட்டியா நிக்கும். வயித்துக்குள்ள இருக்கக்குள்ள தாயின்ர நோயெதிர்ப்பு குட்டிக்குப் போறதில்ல பண்டியில, எல்லாம் சீம்பாலில இருந்துதான், அதுவும் முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளதான் குடல் அதை உள்ள எடுக்கும். ஒரு குட்டிக்கு 250 கிராம் அளவு வேணும். நல்ல விசயம் என்னெண்டா முதல் அரை நாளுக்கு அந்த 20 செக்கன் கட்டுப்பாடு இல்ல, சீம்பால் கிட்டத்தட்ட விடாம வந்துகொண்டிருக்கும். ஆகச் சின்னக் குட்டியளைக் கையால தூக்கிக் காம்பில வைக்கிறதெண்டா அந்த நேரம் வைங்க.

ஒரு தாய்க்கு 15 குட்டி, மத்ததுக்கு 8. மாத்தலாமா?

மாத்தலாம், மாத்தவும் வேணும். சொந்தத் தாய்ட்ட சீம்பாலைக் குடிக்க விட்டு ஒரு 12 மணித்தியாலமாவது கழிச்சு, ரெண்டாம் நாள் முடிய முன்னம் மாத்துங்க. நல்ல பலமான குட்டியை மாத்துங்க, நோஞ்சானை இல்ல, புது இடத்தில சண்டை பிடிச்சு இடம் எடுக்கிறது அதால ஏலாது. பிந்தினா அங்க சும்மா கிடந்த காம்பு வத்தியிருக்கும். இதை நேரத்துக்குச் செஞ்ச கூட்டில பிறகு சேக்கக்குள்ள திருட்டுக்குடி நல்லாக் குறையும்.

கொழும்புப் பக்க வெக்கைக்கு இது சரிவருமா?

வெக்கைதான் இங்க உண்மையான எதிரி, கூட்டு முறையெல்லாம் பிறகு. பால் குடுக்கிற தாய்க்கு 18 தொடக்கம் 22 பாகை சுகம், புதுசாப் பிறந்த குட்டிக்கு 30க்கு மேல வேணும். நம்ம கொட்டில் ரெண்டுக்கும் நடுவில நிண்டு ரெண்டு பேரையும் கஷ்டப்படுத்துது, மாச்சு ஏப்ரல்ல சொல்லவே வேண்டாம். பண்டிக்கு வேர்த்துச் சூடு ஆறுற வசதி இல்ல. சூட்டில தாய் சாப்பாட்டைக் குறைக்கும், சாப்பாடு குறைஞ்சா பால் குறையும், பால் குறைஞ்சா குட்டி அடுத்த தாய்ட்டப் போகும், பாருங்க எங்க வந்து நிக்குது எண்டு.

தண்ணி முதல். ஒரு தாய்க்கு நாளைக்கு 20 தொடக்கம் 40 லீற்றர் வேணும், தண்ணி குடிக்கிற குழாய் நிப்பிளில நிமிசத்துக்கு 2 லீற்றராவது வர வேணும், ஒரு போத்தல் பிடிச்சு மணிக்கூடு வச்சுப் பாருங்க, சொட்டுச் சொட்டா வாற நிப்பிளை வச்சுக்கொண்டு "தாய்க்குப் பால் இல்ல" எண்டு சொல்ற இடம் எத்தனையோ. கழுத்து தோள் பக்கம் மெதுவாத் தண்ணி சொட்ட விடலாம், குட்டி படுக்கிற இடம் நனையக் கூடாது. சாப்பாடு, தாய்க்கு நாளைக்கு 2 கிலோ, அதோட குட்டி ஒண்டுக்கு அரைக்கிலோ வீதம் தாய்க்கே கூட்டிப் போடுறது ஒரு கணக்கு, மூண்டு நாலு தரமாப் பிரிச்சு, விடியக் காலமையும் பொழுது பட்டும் கூடுதலாப் போடுங்க. குட்டிக்கு மூலையில பல்ப் போட்டு வைக்கலுக்குள்ள இடம் செஞ்சு குடுத்தா தாய்க்குக் கிட்டப் படுக்காது, நசிபடாது. கூட்டா இருக்கிற இடத்தில அந்த மூலை எல்லாக் குட்டிக்கும் காணக்கூடிய அளவு பெரிசா இருக்க வேணும்.

கொங்கிரீட்டில வளருற குட்டிக்கு மூண்டாம் நாலாம் நாளில இரும்புச்சத்து ஊசி, 200 மில்லிகிராம். தாய்ப்பாலில இரும்பு காணாது, மண்ணும் கிடைக்காது.

கூட்டா இருந்தா தாய் இடையில ஹீட்டுக்கு வருமாமே?

வரும். தனிக்கூட்டில பொதுவா குட்டி பிரிச்சு 4 தொடக்கம் 7 நாளில வாறது, கூட்டில பால் குடுத்துக்கொண்டு இருக்கக்குள்ளயே சிலது வந்திடும், முக்கியமா தாய் குட்டியை விட்டு விலகி இருக்க வசதி இருந்தா, பக்கத்தில ஆண் பண்டி இருந்தா. பிரச்சினை என்னெண்டா நீங்க கவனிக்க மாட்டீங்க, பிரிச்ச பிறகு ஹீட் பாத்துக்கொண்டு இருப்பீங்க, அது வராது, தாய் பழுதாப் போச்சு எண்டு வித்திடுவீங்க. திகதி எழுதி வைங்க.

எத்தனை கிழமையில பிரிக்கிறது?

ஐரோப்பாவில 28 நாள்தான் பொது விதி. கூட்டு முறையில அதுக்கு முன்னம் பிரிச்சா சேத்ததுக்கே அர்த்தமில்ல, ரெண்டு கிழமையில சேத்து மூண்டில பிரிக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு. 5, 6 கிழமை வச்சிருங்க, அதுக்குள்ள குட்டி தீவனம் நல்லாப் பழகியிருக்கும்.

ஹோட்டல் சாப்பாட்டு மிச்சம் போடலாமா, பால் நல்லா வருமே?

2024 ஒக்டோபரில ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இங்க உறுதியான பிறகும் இந்தக் கேள்வி வருது எண்டா எனக்குக் கோவம்தான் வருது. மனுசருக்குத் தொத்தாது, ஆனா பண்டிக்கு வந்தா கிட்டத்தட்ட எல்லாம் சாகும், மருந்தும் இல்ல. பண்டி இறைச்சி கலந்த மிச்சத்தில வைரஸ் வரும். பல தாய் ஒரே கூட்டில எண்டா ஒண்டுக்கு வந்தா எல்லாத்துக்கும் தொத்தும். புதுத் தாயை வாங்கினா தனியா வச்சுப் பாத்திட்டுத்தான் உள்ள விடுறது, ஆள் போய் வாறதையும் குறைங்க, என்னையும் சேத்து, இப்ப நானும் அங்க போனா செருப்பை வாசலில விட்டிட்டு பூட்ஸ் மாத்தித்தான் உள்ள போறது.

வத்தளையில வீட்டுக்குப் பின்னால ரெண்டு தாய் வைக்கலாமா?

உங்கட பிரதேச சபையிலயும் பிஎச்ஐயிட்டயும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதல்ல கேளுங்க, அதுக்கும் முன்னம் பக்கத்து வீட்டுக்காரர்ட்ட கேளுங்க.

எனக்கு நேரமில்ல, கிழமைக்கு ஒருக்காத்தான் போறன். எதைப் பாக்கிறது?

போற நாளில சாப்பாடு போடுற நேரத்தை விட்டிட்டு, அது முடிஞ்சு எல்லாம் அமைதியான பிறகு ஒரு ரெண்டு மணித்தியாலம் சும்மா ஒரு ஓரமா இருங்க, ஃபோனைச் சைலண்டில போட்டு. ரெண்டு மூண்டு ரவுண்ட் பாக்கலாம். ஒவ்வொரு தாயின்ர குட்டிக்கும் ஒவ்வொரு கலர்ல முதுகில மார்க்கர் போட்டு வைங்க, இல்லாட்டி யார் யாருடையது எண்டு ஒரு நாளும் விளங்காது. உறுமல் வேகமாகிற நேரம் பிடிங்க, அதுக்குப் பிறகு குட்டியள் அசையாம உறிஞ்சுதா பாருங்க, அந்த நேரம் எந்தக் குட்டி காம்பில்லாம முதுகுக்கு மேல ஏறிக்கொண்டு நிக்குது எண்டு எழுதுங்க. அதே குட்டி ரெண்டு ரவுண்டிலயும் வெளிய நிண்டா அதை நிறுத்துப் பாருங்க. பிறக்கக்குள்ள 1.4 கிலோ அளவில இருந்த குட்டி 28 நாளில 7, 8 கிலோ வர வேணும், பாதி நாள் போயும் அந்த நிறையில பாதிகூட இல்ல எண்டா அதுக்குத் தனியாப் பால்மாத் தட்டு வைக்கிற நேரம், பண்ணையில நிக்கிற பொடியன்ட்ட அந்தக் குட்டியின்ர கலரையும் அடையாளத்தையும் சொல்லிட்டு வாங்க.